காலால் தூக்கியவள்

1

இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது, என் இடது மணிக்கட்டு முறிந்து. கூடிவிட்டது. நன்றாகவே கூடிவிட்டது. ஆனாலும் வடக்கிலிருந்து காற்று அடிக்கும் காலைகளில், பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும்போது, தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று முனகும். முனகட்டும் என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பேன். நிறுத்தத்தில் நிற்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் நட்டுவைத்த மாதிரி நிற்பார்கள்.

பனியில் வழுக்கி விழுந்தேன் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிவைத்தோம். ஜெர்மனி என்றால் பனி, பனி என்றால் வழுக்கும். அரியலூரில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. "பாத்து நடப்பா, வயசாகுதுல்ல" என்பதோடு முடிந்தது.

உண்மை வேறு. நான் விழுந்தது என் மனைவி மலர்க்கொடியின் கால்களிலிருந்து.

2

நாங்கள் இருப்பது காசெல் என்ற ஊரில். மலைகளுக்கு நடுவே அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஊர். எனக்கு ஒரு இயந்திரக் கம்பெனியில் வரைபட வேலை. மலருக்கு வீடு. அப்படிச் சொல்வது தவறு. மலருக்கு எங்கள் மகள் யாழினி. வீடு யாழினியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. அவள் மேற்படிப்புக்கு ஹாம்பர்க் போனதும் சுவர்கள் நின்றன, கூரை நின்றது, வீடு மட்டும் எங்கோ போய்விட்டது.

மலர் பேச்சைக் குறைத்தாள். பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரமும் குப்பைத் தொட்டிகளும் இருந்தன. அவற்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை யாழினி போனில் வருவாள். அம்மா தமிழில் கேட்பாள், மகள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அம்மாவுக்குப் பாதி புரியும். "சரிடா தங்கம்" என்று முடிப்பாள். எதற்குச் சரி என்று நான் கேட்டால், "ஏதோ சொன்னா, நல்லாத்தான் இருக்கா" என்பாள்.

அந்த மகள்தான் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பரிசு அனுப்பினாள். திறந்து பார்த்தால் ஒரு வகுப்புக்கான அனுமதிச் சீட்டு. அக்ரோ யோகா. ஒருவர் படுத்துக்கொண்டு தன் கால்களிலும் கைகளிலும் இன்னொருவரைத் தாங்க, அந்த இன்னொருவர் மேலே ஆசனம் போடுவது.

"இது சர்க்கஸ்காரங்க செய்யறதுல்ல?" என்றாள் மலர்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே சோஃபால உக்காந்தாக்கூட நடுவுல ஒரு ஆள் உக்காரலாம். சும்மா போய்த்தான் பாருங்களேன்." அதை மட்டும் யாழினி நல்ல தமிழில் சொன்னாள்.

போனோம். ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடம். தரை முழுக்க மெத்தை விரிப்பு. சொல்லிக்கொடுப்பவள் பிர்கிட், நரைத்த குட்டை முடி, தோள்கள் மட்டும் இளவயது. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டி "நீ மேலே" என்றாள். மலரைக் காட்டி, "நீ கீழே."

நான் கழி மாதிரி இருப்பவன். மலர் உடையார்பாளையம் பக்கத்து முந்திரிக் காடுகளில் நடந்து வளர்ந்தவள், நின்றால் நிலம் அவளைப் பிடித்துக்கொள்ளும். பிர்கிட் பார்த்தது சரிதான். ஆனால் பிர்கிட்டுக்கு ஒன்று தெரியாது. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்ட அந்த ஏற்பாட்டில், ஒரு பெண் தன் இரு பாதங்களையும் தூக்கிப் புருஷனின் இடுப்பில் வைக்க வேண்டும்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"சாக்ஸ் போட்டுக்கறேங்க" என்றாள் மெதுவாக. தடித்த கம்பளி சாக்ஸ். அதுதான் முதல் சமாதானம்.

3

படிக்கிறவர்களில் யாராவது மொட்டைமாடியில் முயன்று பார்த்துவிடுவீர்களோ என்ற பயத்தில், எங்களுக்குச் சொல்லித்தந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். பயப்படுவது நான் மட்டுமல்ல, பிர்கிட்டும் எப்போதும் பயந்துகொண்டேதான் சிரிப்பாள்.

இரண்டு பேர் செய்கிற வித்தை என்று பெயர், ஆனால் மூன்று பேர் இல்லாமல் தொடக்கூடாது. கீழே படுத்துத் தாங்குபவர் ஒருவர், மேலே போகிறவர் ஒருவர், பக்கத்தில் நிற்பவர் ஒருவர். அந்த மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. கையை ஏந்திக்கொண்டு, விழுந்தால் தலையையும் கழுத்தையும் காப்பாற்ற மட்டுமே நிற்பவர். அவர் ஒரு நொடி வேறு பக்கம் திரும்பினால் மேலே இருப்பவரை இறக்கிவிட வேண்டும்.

தாங்குபவரின் கால்கள் இடுப்புக்கு நேர்மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்போது எலும்பின் மேல் எலும்பு நின்று கனத்தைத் தரைக்கு அனுப்பிவிடும். முட்டி மடங்கினால் கனம் முழுக்கச் சதையில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கும். மேலே இருப்பவர் வயிற்றை இறுக்கி ஒரே பலகையாக இருக்க வேண்டும். ஈரத்துணி மாதிரித் தொங்கினால் கீழே இருப்பவர் பாடு திண்டாட்டம். முதலில் மணிக்கட்டையும் தொடையையும் இதமாக நீட்டிச் சூடேற்ற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் இறங்கப் பழக வேண்டும். நாங்கள் முதல் சில வகுப்புகளில் இறங்க மட்டுமே பழகினோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. ரத்தக்கொதிப்பு, கழுத்து வலி, தோள் வலி உள்ளவர்களும் பிள்ளை உண்டாகியிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பக்கத்திலேயே வரக்கூடாது. சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடிகளைப் பிர்கிட் தூக்கவே விடமாட்டாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இறக்கு என்று யார் சொன்னாலும் உடனே இறக்க வேண்டும். ஏன் என்று கேட்பது தரையைத் தொட்ட பிறகு.

மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் கூடாது. தாலியைக் கழட்டுவதில்லை என்று மலர் சொல்லிவிட்டாள். பிர்கிட் யோசித்து, சரட்டைச் சட்டைக்குள் மடக்கி மேலே ஒரு அகலத் துணிப்பட்டையை இறுகக் கட்டச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வரும் டிராமில் மலர் சொன்னாள், "அந்தம்மா ஏன்னு கேக்கவே இல்ல பாத்தீங்களா. எப்படிக் கட்டணும்னுதான் யோசிச்சாங்க."

அந்த டிராமில் அவள் நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

முதல்முறை மேலே போனபோது நான் பயப்படவில்லை. அமைதியாக இருந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளின் விளிம்பில் வளர்ந்தவன் நான், உயரம் என்றால் எனக்குக் கீழே பார்ப்பது. இங்கே கீழே பார்த்தால் மலரின் முகம். தலைகீழாக, சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம். அதை மேலேயிருந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. மலர் பிர்கிட்டோடு தப்பும் தவறுமான ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்து எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். அடுப்படி ஜன்னலில் திரை தொங்கியது.

4

அன்று புதிதாக ஒரு நிலை. அவள் பாதங்கள் என் தோள்களில், என் கைகள் அவள் கைகளில், நான் முன்னால் சாய்ந்து மெல்லக் கால்களைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். வெயில் நாள், கம்பளி சாக்ஸ் வழுக்கும் என்று பிர்கிட் கழட்டச் சொல்லியிருந்தாள்.

எழும்பினேன். மலரின் கால் கட்டைவிரல் என் கன்னத்தில் உரசியது.

கால் பட்டால் நாம் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள்மேல் பட்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதை யோசித்துச் செய்வதில்லை, இமை மூடுவது மாதிரி அது. இடுப்பில் பட்டதை மலர் எப்படியோ மனதுக்குச் சொல்லிச் சரிக்கட்டிவைத்திருந்தாள். முகத்தில் பட்டதற்கு அவளிடம் சமாதானம் எதுவும் தயாராக இல்லை. "ஐயோ" என்றாள். என் இடது கையைப் பிடித்திருந்த கையை விட்டாள். என் கன்னத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் ஒற்றி முடிப்பதற்குள் நான் தரையில் இருந்தேன். பக்கத்தில் நின்றவர் பாய்ந்து இடுப்பைப் பிடித்ததால் தலை தப்பியது. கையை ஊன்றிவிட்டேன். ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது மாதிரி.

மருத்துவமனையில் இளம் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். மனைவி என்னைக் காலால் தூக்கினாள் என்று சொல்ல வந்தேன். வலியில் ஜெர்மன் வினைச்சொல் மாறி, மனைவி என்னைக் காலால் எறிந்தாள் என்று வந்துவிட்டது. டாக்டர் பேனாவை வைத்தார். மலரை மரியாதையாக வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு வீட்டில் பயமாக இருக்கிறதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சமூகப் பணியாளர் வந்தார். தாளில் படம் வரைந்து காட்டினேன், வலது கை நல்லவேளை சரியாக இருந்தது. வரைபட வேலை அன்று ஒன்றுக்கு உதவியது. எல்லாம் விளங்கியபின் டாக்டர் கேட்டார், "சரி, ஏன் கையை விட்டார்?"

"மன்னிப்புக் கேட்க."

"எதற்கு?"

"கால் பட்டதற்கு."

"கால்மேல்தானே இருந்தீர்கள்?"

வரைந்த படத்தை மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். காப்பீட்டு நிறுவனமும் பிறகு இதையே கடிதத்தில் கேட்டது. எங்கள் ஊர் வழக்கம் என்று எழுதி அனுப்பினேன். ஒரு பெண் போன் செய்து, வழக்கம் என்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று உண்மையான வருத்தத்தோடு விசாரித்தாள்.

வெளியே மலர் என் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஏன் தன்னை வெளியே அனுப்பினார் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

"போதுங்க" என்றாள். "இனிமே என் கால் உங்க மேல படாது."

5

படவில்லை. பிர்கிட் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தாள், தேநீர் குடித்தாள், வியாழக்கிழமை வா என்றாள். மலர் "ஆமா, வரேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். கதவு சாத்தியதும் திரையை விலக்கினாள். மேப்பிள் மரம் துளிர்த்தது, பழுத்தது, உதிர்ந்தது. மாவுக்கட்டுப் பிரித்தார்கள், கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள், இனி எடை தாங்கலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். அதை மேசைமேல் அவள் கண்ணில் படும்படி வைத்தேன். அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்தாள்.

எனக்கு மணிக்கட்டைப் பற்றிக் கவலை இல்லை. கூடத்தில் கேட்ட அந்தச் சிரிப்பு, டிராமில் கேட்ட அந்தப் பேச்சு, அது திரும்பவும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டதுதான் பயமாக இருந்தது. இந்த ஊரில் அவளுக்கென்று கிடைத்த ஒரே வாசல் அது. வீட்டுக்குள் நான் அறைக்கு அறை நடந்தேன். அவள் அசையாமல் இருந்தாள்.

6

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். ரயிலில் அரியலூர் வந்து, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் பெரம்பலூர். சாந்தி அக்கா நாலு ரோட்டுக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தாள். என் உடன்பிறந்தவள், பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஊதாமலே விசில் சத்தம் கேட்கும் குரல்.

"என்னடா இது, கொக்கு மாதிரி இருக்க? மலரு, இவனுக்குச் சோறு போடுறியா, இல்ல காத்தத்தான் போடுறியா?"

பொங்கல் முடிந்து குடியரசு தின ஒத்திகை நடந்தது. அக்கா எங்களையும் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப்போனாள். பெண் பிள்ளைகள் மனிதக் கோபுரம் கட்டினார்கள். கீழே ஒரு வரிசை, அவர்கள் தொடையிலும் தோளிலும் கால் வைத்து இன்னொரு வரிசை, உச்சியில் கொடியோடு ஒரு சின்னப் பெண்.

ஏறுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மேலே போக வேண்டியவர்கள் எல்லாரும் குனிந்து, தாங்கள் மிதிக்கப்போகும் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா காத்திருந்தாள். கடைசிப் பெண்ணும் ஒற்றி முடித்த பிறகுதான் விசில் ஊதினாள். அதன்பிறகு ஒரு கையும் வேறெங்கும் போகவில்லை.

மலர் வேப்பமரத்தடியில் நாற்காலியில் இருந்தாள். எழுந்துவிட்டாள்.

"அண்ணி, அது என்ன, ஏறும்போதே கும்பிட்டுக்கிறாங்க?"

"அத ஏன் கேக்கற. முன்னல்லாம் மேல ஏறுனப்புறம்தான் கால் பட்டுச்சுன்னு ஞாபகம் வரும் இதுங்களுக்கு. ஒருத்தி தோள்மேல நின்னுக்கிட்டே குனிஞ்சு தொட்டுக் கும்புட்டா. மொத்தமும் சரிஞ்சிது. நல்லவேளை மண்ணு, ஒண்ணும் ஆவல. செய்யாதேன்னு சொல்லிப் பாத்தேன், கேக்குமா? கை தானா போவுது. அப்பறந்தான் சொன்னேன், கும்பிடறதெல்லாம் தரையில வச்சுக்க. இந்தத் தடவைக்கு எத்தினி மிதி உண்டோ அத்தினிக்கும் சேத்து இப்பவே கும்புட்டுக்க. விசில் ஊதிட்டா கை எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கணும்."

மலர் கோபுரத்தை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். பிறகு, "அண்ணி, இவரு பனியில வழுக்கல" என்றாள்.

நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்தேன். அங்கிருந்தும் கேட்டது. அவள் முழுவதையும் சொன்னாள். அக்கா வாயிலிருந்து விசில் விழுந்தது, நூலில் தொங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புருசனக் கால்ல தூக்கிக் கீழ வேற போட்டியா? ஏண்டி, எங்களுக்கெல்லாம் இது தோணாமப் போச்சே."

"சிரிக்காதீங்க அண்ணி. பாவம்னு தோணுது எனக்கு. மூஞ்சில கால் பட்டுது."

"பட்டா? அவன் மூஞ்சி என்ன கோயிலா? சின்னதுல நான் எட்டி ஒதைக்காத எடம் கெடையாது அந்த மூஞ்சில." பிறகு குரலை இறக்கினாள். "தாங்குறவ காலுக்குப் பாவம் இல்ல மலரு. கைய விட்டியே பாரு, அதான் பாவம். எங்க, காட்டு."

"இங்கயா?"

"இங்கதான். எம்புள்ளைங்க மெத்தை இருக்கு. டேய், வாடா இங்க. கையைக் கால உதறிக்க."

மறுப்பாள் என்று நினைத்தேன். மலர் சுடிதார் துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். வளையல்களைக் கழற்றினாள். தாலிச் சரட்டை உள்ளே மடக்கி, துப்பட்டாவையே பட்டையாக இறுக்கிக் கட்டினாள். அக்காவை ஒரு பக்கமும் இரண்டு பெரிய பிள்ளைகளை மறுபக்கமும் நிற்கவைத்தாள். "அவரு மூஞ்சியப் பாக்காதீங்க, தோளைப் பாருங்க" என்றாள். பல மாதம் விட்டுப்போனதால் இருப்பதிலேயே எளிதான நிலை போதும் என்று அவளே முடிவு செய்தாள். படுத்தாள்.

பிறகு எழுந்து உட்கார்ந்தாள். என் இடுப்பைத் தொட்டாள், நான் குனிந்ததும் தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழக்கம்.

"வாங்க."

பாதங்கள் வெறுமையாக, பெரம்பலூர் மண்ணின் சூட்டோடு, என் இடுப்பில் வந்து அமர்ந்தன. கால்கள் நிமிர்ந்தன. தரை என்னை விட்டது.

"மிஸ், சார் பறக்குறாரு."

"விட்ருவாங்களா மிஸ்?"

"விடமாட்டாங்க. நீ தோளப் பாரு."

மேலிருந்து நான் பார்த்தது மலரின் முகம் மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரல் வழுக்கி என் விலாவில் பட்டது. அவள் கைவிரல்கள் ஒரு கணம் துடித்ததை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். அவை என் கையை இன்னும் இறுக்கின.

அக்கா இறக்கு என்றதும் இறக்கினாள். ஏன் என்று கேட்கவில்லை. தரைக்கு வந்தபிறகு அக்காவே சொன்னாள், "ஹெட்மாஸ்டரம்மா வராங்கடி, எந்திரிங்க."

7

யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். ஹாம்பர்க்கில் இருந்துகொண்டு எங்கள் சோஃபாவின் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துவைத்த மகளுக்கா. தாலியை ஏன் கழட்டவில்லை என்று கேட்காத பிர்கிட்டுக்கா. கதவைச் சாத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒரு கறுத்த மனிதனிடம் உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்ட டாக்டருக்கா. அப்போது சிரித்தேன். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்க ஒரு ஆள் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. நாம் இத்தனை தலைமுறையாகக் கை வைத்து ஒற்றிக்கொண்ட மரியாதையையும் நான் திட்டமாட்டேன். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. தரையில்.

ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போகிறோம். போன வியாழக்கிழமை ஆபீசில் வேலை இழுத்துவிட்டது. நீ போக வேண்டாம், அடுத்த வாரம் சேர்ந்து போகலாம் என்று சொல்ல மலருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. டிராம் பிடித்துக் கூடத்துக்கு ஓடினேன்.

உள்ளே மலர் படுத்திருந்தாள், கால்களை மேலே நீட்டி. அவளுக்கு முன்னால் அன்றுதான் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும், அழுகிறாற்போல நின்றாள். மலர் அவளிடம் ஜெர்மனில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வினைச்சொற்கள் எல்லாம் தப்பு. அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள், மோதிரத்தைக் கழற்றினாள், மூச்சை இழுத்துவிட்டாள். பிர்கிட் ஒரு பக்கம் கைகளை ஏந்தி நின்றாள். மறுபக்கம் காலியாக இருந்தது.

வாசலில் காலணியோடு நின்ற என்னை மலர் தலைகீழாகப் பார்த்தாள்.

"அங்க என்ன வேடிக்க? கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க. இவங்களுக்குப் பயமா இருக்காம்."

போய் நின்றேன். கைகளை ஏந்தினேன். அந்தப் பெண் மேலே எழும்பினாள், நடுங்கினாள், பிறகு நடுக்கம் நின்றது. அவள் இறங்கும்வரை நான் ஓர் அடிகூட நகரவில்லை.